தத்துவத் துறையின் அணிவகுப்பு

காற்று கொடியைக் கொண்டுவந்து முகத்தில் அப்பியது, கத்தரிப்பூ நிறம் தவிர வேறொன்றும் தெரியவில்லை சண்முகவடிவுக்கு, முன்னால் போகிற பேண்டு வாத்தியத்தின் பெரிய முரசு மட்டும் கேட்கிறது, லெஃப்ட் ரைட் லெஃப்ட் ரைட், ஷூவுக்குள் கடலோரத் தேரிமணல் புகுந்து குறுகுறுக்கிறது, இரண்டு கையும் கொடிக்கம்பில் இருக்கிறது, விலக்கவும் முடியாது, சரி மூஞ்சியிலேயே கிட என்று விட்டுவிட்டு நடந்தாள், முரசு போகிற பக்கம் கால் தானாகப் போகிறது, இதற்குக் கண் எதற்கு. கொடி விலகியபோது மைதானம் மொத்தமும் கண்ணில் வந்து விழுந்தது, சிவந்த மண், சுண்ணாம்புக் கோடு, தூரத்தில் பந்தல் போட்ட மேடை, திரும்பிப் பார்க்காமலே தெரியும், பின்னால் ஏழு துறைகள் மூன்று மூன்று பேராக நீண்ட வரிசையில், எல்லாருக்கும் முன்னால் அவள் ஒருத்தி. தத்துவத் துறை என்றால் அவள்தான், வேறு ஆள் கிடையாது, அவளுக்கு மேல் வகுப்பும் காலி, கீழ் வகுப்பும் காலி, நடுவில் இரண்டாம் ஆண்டில் இவள். ஒலிபெருக்கியில் பேசுகிற பையன் எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசிக்கிறான், இதோ தத்துவத் துறை மாணவ மாணவியர் மிடுக்கோடு அணிவகுத்து வருகிறார்கள், கல் படிகளில் உட்கார்ந்திருந்த கூட்டம் குபீரென்று சிரித்தது, எவனோ விசில் அடித்தான், அவளுக்குக் காது மடல் சுட்டது, சுடட்டும், சிரிக்கிறவன் சிரிக்கட்டும், பல்லுக்குக் காற்றாவது படும். கடலோரத்தில் பனங்காட்டுக்கு நடுவே இருக்கிற இந்தச் சின்னக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு, எந்தத் துறை முதலில் தொடங்கப்பட்டதோ அது முதலில் நடக்கும், விளையாட்டு விழா தொடங்கிய காலத்திலிருந்து அப்படித்தான், அந்தக் கணக்கில் தத்துவம்தான் மூத்தது, வரலாறு அதற்கு அடுத்தது, வணிகவியல் எல்லாம் நேற்றுப் பிறந்தது, ஆகவே நூற்றுக்கணக்கில் வருகிற அத்தனை பேரையும் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு போகிறாள் வடிவு, நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வருகிறது, வந்த சிரிப்பைக் கடித்து அடக்கிக்கொண்டு நடக்கிறாள்.

லெஃப்ட் ரைட், நினைப்பு போன வருஷத்துக்குப் போகிறது, அப்பாவோடு சேர்க்கை மேசைக்கு முன்னால் நிற்கிறாள், அப்பா உப்பு லாரி ஓட்டுகிறவர், எவ்வளவு துவைத்தாலும் சட்டையில் ஒரு வெள்ளைப் படிவு இருக்கும், வணிகவியலில் இடம் இருக்கு அண்ணாச்சி, போட்டுரவா என்று கேட்கிறார் மேசைக்காரர், அப்பா தலையாட்டப் போகிறார், அந்த நேரம் பார்த்து எதிர்ச் சுவரில் பழைய மாணவர் யாரோ பெயின்டில் எழுதி வைத்தது கண்ணில் பட்டது, தத்துவத் துறை, இங்கே ஏன் என்று கேட்கலாம். அட, இப்படியும் ஓர் இடம் இருக்கிறதா, ஏன் என்று கேட்டதற்காகப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் நின்றிருக்கிறாள், வீட்டில் அண்ணனுக்கு மட்டும் மீன் தலை ஏன் என்று கேட்டுச் சித்தியிடம் அடி வாங்கியிருக்கிறாள், தெருவில் அவளுக்குப் பட்டப்பெயரே கேள்வி வக்கீல், எல்லா இடத்திலும் வாயை மூடச் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு இங்கே மார்க் போடுகிறார்களாமே. அப்பா, எனக்கு அது வேணும் என்று சுவரைக் காட்டினாள். அதுல சேந்தா என்ன வேலை சார் கெடைக்கும் என்று அப்பா மேசைக்காரரைக் கேட்டார், யோசிக்கிற வேலைதான் அண்ணாச்சி என்று அவர் சிரித்தார், அப்பா சிரிக்கவில்லை, மகளைப் பார்த்தார், இதுதானா பிள்ள, இதுதான்ப்பா, அப்ப எழுதிக்கோங்க சார். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்காத மனிதர், அதை நினைத்தால் இப்போதும் வடிவுக்கு நெஞ்சு விம்முகிறது, விம்மினால் முரசுத் தாளம் தப்பிவிடும், ஆகையால் விம்மக் கூடாது.

அந்த வருஷம் ஒன்பது பேர் சேர்ந்தார்கள், சைக்கிள் கொட்டகைக்கு மேலே கடைசி அறை, மழைக்காலத்தில் உப்பிப்போகும் கதவு, தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும், ஒன்பது பேரும் தள்ளினார்கள். பிறகு ஒருத்தனுக்கு வணிகவியலில் இடம் காலியானது, போனான், இரட்டைச் சகோதரிகள் நர்சிங்குக்குப் போனார்கள், ஒருவன் கப்பல் வேலைக்குப் போனான், ஒருத்திக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்க வந்தவள் தன் இடத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாடம் கேட்டுவிட்டு அழுதுகொண்டே எழுந்து போனாள், மீதிப் பேர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனார்கள், கடைசியில் கதவைத் தள்ளுவதற்கு ஒரு தோள்தான் மிச்சம். தங்கலீலா மேடம் வருகை எடுப்பதையே விட்டுவிட்டார், துறையில் அவர் ஒருவர்தான் ஆசிரியை, நாற்பது வயதிருக்கும், எப்போதும் பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி ஒரு முகம், எதுக்கு வடிவு, நீ உக்காந்திருக்கது எனக்குத் தெரியலையா என்றார், மத்த கிளாஸ்ல கூப்பிடுதாங்கல்ல மேடம், கூப்பிடுங்க என்று இவள் அடம்பிடித்தாள், மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயரைப் படித்தார், இவள் எழுந்து நின்று எஸ் மேடம் சொன்னாள், பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள், ஆனாலும் மறுநாளும் கூப்பிட வைத்தாள்.

வகுப்புப் பிரதிநிதித் தேர்தலை யாராவது மறக்க முடியுமா, போட்டி இல்லாவிட்டாலும் ரகசிய வாக்கெடுப்பு நடத்தியே தீர வேண்டும் என்று உத்தரவு, வேட்பாளர் அவள், வாக்காளரும் அவள், மேடம் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க, சாக்பீஸ் டப்பாவில் சீட்டைப் போட்டாள், பிரித்துப் பார்த்தால் செல்லாத ஓட்டு, பதற்றத்தில் சீட்டின் அடியில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறாள், யார் போட்டது என்று தெரிந்தால் ஓட்டு செல்லாது, ஏட்டி, ஒனக்கு நீயே கள்ள ஓட்டுப் போட்டியா என்று விடுதி முழுக்க ஒரு வாரம் சிரித்தது, மறுதேர்தல் வைத்துத்தான் ஜெயித்தாள். கேண்டீன் சாம்பாரைக் கண்டித்துக் கல்லூரி முழுக்க மாஸ் கட் அடித்தபோது இவளும் அடித்தாள், தனியாகப் போய்க் கடற்கரையில் உட்கார்ந்திருந்தாள், மறுநாள் ஒவ்வொரு துறையும் மாணவர்களைத் தூண்டிவிட்டவர் யார் என்று விசாரித்துச் சொல்ல வேண்டும் என்றார்கள், மேடம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, யாரு தூண்டிவிட்டா என்று கேட்டார், நான்தான் மேடம், யாரைத் தூண்டிவிட்ட, என்னையத்தான் மேடம். துறையின் மன்றக் கூட்டத்தில் வரவேற்புரை அவள், தலைமை மேடம், கட்டுரை அவள், நன்றியுரை அவள், தட்டு நிறைய வாழைக்காய் பஜ்ஜி வாங்கி வைத்து இரண்டு பேரும் தின்று தீர்த்தார்கள், தேர்வில் முதல் இடமும் அவளே, கடைசி இடமும் அவளே. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால் இருந்தது, சில மத்தியானங்களில் பக்கத்து வகுப்பில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் சிரிக்கிற சத்தம் சுவரைத் தாண்டி வரும், அப்போது பாடத்தை விட்டுவிட்டு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள், அதுவும் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல முடியாது.

முதல்வர் ஞானதுரை சார் கூப்பிட்டு அனுப்பினார், உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், முதல்வர் அறையில் மாணவிக்கு டீ வந்தால் தலைக்கு ஏதோ வருகிறது என்று அர்த்தம். இங்க பாரும்மா, வர்ற வருஷம் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் ஆரம்பிக்கிறோம், உங்க ரூம்தான் அதுக்கு வசதி, ஒரே ஒரு பிள்ளைக்காக ஒரு டிபார்ட்மென்ட் நடத்துறது நல்லாவா இருக்கு, நீ ஹிஸ்டரிக்கு மாறிக்கோ என்றார். படித்துக்கொண்டிருக்கிற பிள்ளை தானாகச் சம்மதிக்காமல் துறையை மூட முடியாது என்பது பல்கலைக்கழக விதி, அதனால்தான் டீ, அவள் இருக்கிற வரைக்கும் துறை இருக்கும், துறை இருக்கிற வரைக்கும் சேர்க்கைப் பலகையில் அதன் பெயர் இருக்கும், பெயர் இருந்தால் அடுத்த வருஷம் இவளை மாதிரி இன்னொரு கிறுக்கு வந்து விரலை நீட்டலாம். ஒண்ணும் பெரிசா செய்ய வேண்டாம், ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு ஹிஸ்டரி கூட சேந்து நட, சீஃப் கெஸ்ட் மேடையிலேயே புது டிபார்ட்மென்ட அறிவிச்சிருவார், அதையே உன் சம்மதமா எடுத்துக்கிடுதோம், என்ன. ஏன் சார் என்று கேட்டாள் வடிவு. அந்த அறையில் அந்த வார்த்தையை ஒரு மாணவி கேட்டு அவர் கேள்விப்பட்டதில்லை போலிருக்கிறது, ஏனா என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார், டீ ஆடை கட்டிப்போனது.

மேடமாவது துணைக்கு வருவார் என்று ஓடினால், அவர் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருக்கிறார், எனக்கு வேற காலேஜ்ல கூப்பிட்டிருக்காங்க வடிவு, நீ ஹிஸ்டரிக்குப் போயிரு, எனக்காகன்னு எதையும் இழுத்துப் போட்டுக்காத. உங்களுக்காக இல்ல மேடம், எனக்காகத்தான், நீங்க போனா வேற ஆளப் போடட்டும், போட வேண்டியது அவங்க வேலை. சொன்ன பிறகு மேடத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் உண்மைதானே. பியூலாவோடு நடந்ததுதான் இதைவிடக் கொடுமை, விடுதியில் அவளுடைய அறைக்காரி, ஒரே வாளி, ஒரே ஊறுகாய் பாட்டில், வரலாறு படிக்கிறவள், வெள்ளைச் சுடிதாரைத் தேய்த்துக்கொண்டே, எம்பக்கத்துல ஒனக்கு எடம் போட்டு வச்சிருக்கேன்ளா என்று ஆசையாகச் சொன்னாள், நான் தனியாத்தான் நடக்கப் போறேன் பியூலா என்றதும் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள், ஒத்தையில நடந்தா ஊரே சிரிக்கும்ளா, சிரிக்கட்டும், அப்ப எங்க கூட நிக்கது ஒனக்கு அவ்வளவு எளக்காரமா. எளக்காரம் இல்லட்டி, இது நான் கேட்டு வாங்குனது, வேற ஒண்ணையும் நான் கேட்டு வாங்கல, எல்லாம் அவங்களாத் தந்தது. பியூலா தேய்ப்புப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள், அன்றிலிருந்து பேச்சு இல்லை, ஊறுகாய் பாட்டில் அவள் பக்கம் ஒன்று, இவள் பக்கம் ஒன்று.

ஒத்திகையில் உடற்பயிற்சி ஆசிரியர் இசக்கிமுத்து சார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார், கேப்டன் முன்னால நடக்கணும், கொடி பிடிக்கவ அடுத்து, அணி அதுக்கும் அடுத்து, நீ கேப்டனா நடந்தா அணி கிடையாது, அணியா நடந்தா கேப்டன் கிடையாது, மொதல்ல நீ யாருன்னு சொல்லு. சார், இது எங்க பாடத்துல வர்ற கேள்வி என்றாள். பதில் என்ன போட்டிருக்கு என்று அவர் நிஜமாகவே கேட்டார், பதில் வராது சார், கேள்விதான் வரும். நல்ல பாடம்தான் படிக்கே, போ என்றார், ஆனால் முதல்வர் வரிசையை மாற்றச் சொன்னபோது, அதை மட்டும் சொல்லாதீங்க சார், மூத்தது முன்னால போகணும், எல்லா வருஷமும் அப்படித்தான் என்று மறுத்துவிட்டாராம், கேள்விப்பட்டபோது வடிவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மைதானத்தின் வளைவில் கடற்காற்று நேராக வந்து மோதியது, கம்பு பின்னால் சாய்கிறது, இடுப்பில் குத்துகிறது, இந்த நேரம் பார்த்து வெயிலோ மயக்கமோ, அவளுக்கும் வரலாற்றுத் துறைக்கும் நடுவே வெறுமையாக இருந்த இடத்தில் காலடிச் சத்தம், ஒன்பது பேரில் போய்விட்ட எட்டுப் பேரும் வெள்ளை உடுப்பில் நடந்து வருகிறார்கள், இரட்டையர்கள் நர்ஸ் தொப்பியோடு, கப்பல்காரன் நனைந்த காலோடு, கல்யாணம் ஆனவள் இடுப்பில் குழந்தையோடு, ஏ வடிவு மெதுவா நடட்டி, கதவு உப்பியிருக்கு, எல்லாரும் சேந்து தள்ளுவோம் என்கிறார்கள், தள்ளுங்கள், நான் முன்னால் பிடித்துக்கொள்கிறேன் என்று இவள் சொல்ல வாயெடுக்கையில், கம்பக் கொஞ்சம் முன்னால சாய்ச்சுப் புடிட்டி, காத்து தள்ளுது பாரு என்று ஒரு குரல், கனவுக் குரல் இல்லை, வரலாற்றுத் துறையின் முதல் வரிசையிலிருந்து பியூலா, இத்தனை நாள் பேசாதவள், பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறாள். வடிவு சாய்த்துப் பிடித்தாள், கம்பு நின்றது, திரும்பிப் பார்க்கக் கூடாது, அணிவகுப்பு விதி, பார்த்திருந்தால் அவளைக் கட்டிக்கொண்டிருப்பாள்.

மேடை வந்துவிட்டது, ஐஸ் ரைட் என்று கட்டளை கொடுத்தாள், கொடுத்தவளே கீழ்ப்படிந்தாள், தலையை வலப்பக்கம் திருப்பிக் கொடியை முறைப்படி தாழ்த்தினாள், முறைப்படி உயர்த்தினாள், ஒரு குறை சொல்ல முடியாது எவராலும். துறை கடக்கும்போது அந்தத் துறை ஆசிரியர்கள் எழுந்து நிற்பது இங்கே வழக்கம், ஆசிரியர்கள் வரிசையின் கடைசி நாற்காலியில் தங்கலீலா மேடம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், எழவில்லை, இவள் பார்க்கிறாள், எழவில்லை, வேண்டாம், கட்டாயம் ஒன்றும் இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு இரண்டடி தாண்டியதும் ஓரக்கண்ணில் தெரிகிறது, கைப்பை கீழே விழுந்து சில்லறை உருள, மேடம் எழுந்து நிற்கிறார், அவர் ஒருவர் மட்டும், முகம் கோபமா அழுகையா என்று கண்டுபிடிக்க முடியாதபடி.

சுற்று முடிந்து எட்டுத் துறைகளும் மேடைக்கு எதிரே வந்து நின்றன, முரசு ஓய்ந்தது, இனி இசக்கிமுத்து சார் மேடை முன்னால் போய் சல்யூட் அடித்து எத்தனை துறைகள் நிற்கின்றன என்று சிறப்பு விருந்தினரிடம் அறிக்கை சொல்ல வேண்டும், அவர் அனுமதி கொடுத்தால் விழா தொடங்கும், விருந்தினர் பழைய மாணவர், கருவாடு ஏற்றுமதி செய்கிறவர், அந்த வெயிலில் கோட் போட்டு வேர்த்து வழிந்துகொண்டிருந்தார், அவர் கையில் புதுத் துறை அறிவிப்பு. இசக்கிமுத்து சார் போனார், சல்யூட் அடித்தார், ஐயா, ஏழு துறைகள் அணிவகுப்பில் நிற்கின்றன, விழாவைத் தொடங்க அனுமதி வேண்டும். ஏழா, வடிவுக்கு முதலில் புரியவில்லை, பிறகு முதல்வர் விருந்தினரின் காதருகே குனிந்து சிரிப்பதைப் பார்த்தாள், புரிந்தது, சாரை ஏழு என்று சொல்ல வைத்தது இவர்தான், ஏழு என்றால் அவள் வரலாற்றோடு சேர்ந்துவிட்ட கணக்கு, மைதானத்தைச் சுற்றி நடந்து வந்தவளை இப்படி ஒரு வார்த்தையில் துடைத்துப் போட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறார்கள், பாவி மனுஷங்களா. பயமாகத்தான் இருந்தது, பயத்தை மறைத்து என்ன ஆகப்போகிறது, ஆனாலும் குரல் வந்துவிட்டது, கீச்சென்று உடைந்த குரல், எட்டு.

எட்டு சார், எண்ணிப் பாருங்க என்றாள் மறுபடியும், இந்தத் தடவை குரல் உடையவில்லை. முதல்வர் மைக்கைப் பிடித்தார், சண்முகவடிவு, போய் ஹிஸ்டரி வரிசையில நில்லு. அவள் நகரவில்லை. நில்லுன்னு சொல்லுதேன்ல. நின்னுக்கிட்டுத்தான் சார் இருக்கேன் என்றாள், படிகளில் யாரோ சிரித்தார்கள், முன்பு சிரித்த சிரிப்பு இல்லை இது. இசக்கிமுத்து சாரின் காது சிவந்திருந்தது, சல்யூட் அடித்த கையை இறக்கினார், முதல்வர் பக்கம் பார்க்காமல் இரண்டடி பின்னால் வந்தார், தவறான அறிக்கை கொடுத்தால் முதலிலிருந்து கொடுக்க வேண்டும், மறுபடி முன்னால் போனார், மறுபடி சல்யூட் அடித்தார், ஐயா, எட்டுத் துறைகள் அணிவகுப்பில் நிற்கின்றன. கருவாட்டு ஏற்றுமதிக்காரர் ஒன்றும் புரியாமல் கையிலிருந்த தாளைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார், மைக் பக்கம் குனிந்து, எட்டாவது எது என்று கேட்டார், யாரும் கட்டளை கொடுக்கவில்லை, ஏழு துறைகளின் தலைகளும் வடிவு நின்ற பக்கம் திரும்பின. காற்று எழும்பி, கத்தரிப்பூக் கொடி மறுபடியும் அவள் முகத்தில் வந்து மூடியது. அந்தப் பிள்ளையா, ஒன் ஆளுங்கள்லாம் எங்கம்மா என்று அவரே கேட்டார், கேலி இல்லை, தெரியாமல்தான் கேட்டார். வடிவு ஒரு கையால் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் கொடியை முகத்திலிருந்து விலக்கினாள், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிமிர்ந்தாள்.

நான் இருக்கேன் சார், என்றாள்.